தானமாக வந்த நூலும் தறியில் மிஞ்சிய நூலும்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 அன்று பேசக் கூப்பிட்டால் அரசியல் சட்டம், பூனா ஒப்பந்தம், பௌத்தம் என்று பேசுவதுதான் வழக்கம். நான் இன்றைக்கு நூலைப் பற்றிப் பேசப்போகிறேன். படிக்கிற நூல் இல்லை, பருத்தி நூல்.

காரணம் இருக்கிறது. போன மாதம் கீழவைப்பாரில், வைப்பாறு கடலில் சேருகிற இடத்தில் உட்கார்ந்து நம் மாணவர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் உப்பள வேலை கிடையாது. அந்தத் தொழிலாளர் வீடுகளுக்காகப் பழைய துணி சேர்த்துக் கொடுக்கலாம் என்றான் ஒரு தம்பி. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு தங்கச்சி மட்டும், "பழைய துணி வேண்டாம். ஆளுக்கு ஒரு சிட்டம் நூல் கேப்போம். இல்லன்னா பழைய ஸ்வெட்டரைப் பிரிச்ச நூல் போதும். எல்லாத்தையும் சேத்துப் போர்வையா நெய்வோம்" என்றாள். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இந்த வெக்கைக் கடற்கரையில் போர்வையா என்று ஒருவன் கேட்டான். மார்கழியில் விடிவதற்கு முன்னால் பாத்திக்குப் போகிறவர்கள் வீட்டில் அவன் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்ததில்லை போலும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் சொன்னது ஏன் சரி என்று அப்போது எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. இன்றைய பேச்சு அந்தத் தங்கச்சிக்காகத்தான்.

2023 டிசம்பர் வெள்ளம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியதற்கு மேலே ஒரு நாளில் கொட்டியது. தண்ணீர் வடிந்தபின் எங்கள் தெருவுக்கும் ஒரு லாரி வந்தது. நல்ல மனசோடுதான் வந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூட்டையை மேலே நின்று அவிழ்த்து, கீழே நின்ற பெண்கள் மேல் கொட்டினார்கள். கொக்கி இல்லாத ஜாக்கெட்டுகள், ஜிப் போன கால்சட்டைகள், சரிகை கறுத்த கல்யாணப் பாவாடை ஒன்று, நீச்சல் உடை ஒன்று. என் அம்மா நாற்பது வருஷம் உப்பளத்தில் வாரியவள். ஒரு துணியைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள்: "துணி வாங்குறதுல கேவலம் இல்லளா. குடுக்கவன் கை எங்க இருக்குன்னு பாரு. மேலயா, நேரயா?"

அம்மா ஒரு எழுத்தும் படித்தவள் இல்லை. மனுவின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் மனுவுக்கு அவளைத் தெரிந்திருந்தது. மனுஸ்மிருதி பத்தாம் அத்தியாயத்தில், சண்டாளர்கள் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. இதைக் கோபப்படுவதற்காக மட்டும் படிக்காதீர்கள், கவனமாகவும் படியுங்கள். துணி இல்லாமல் இருக்கச் சொல்லவில்லை. மிச்சத்தை உடுத்தச் சொல்கிறது. நமக்கு வருவது யாரோ ஒருவர் தீர்த்து முடித்ததாக இருக்க வேண்டும் என்கிறது. ஓம்பிரகாஷ் வால்மீகி தன் வாழ்க்கைக் கதைக்கு 'ஜூட்டன்' என்று பெயர் வைத்தார். எச்சில் சோறு என்று அர்த்தம். பழைய துணி மூட்டையைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முகம் சுருங்குகிறது என்றால் அது வீம்பு இல்லை, ஞாபகம்.

2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் பக்கம் பழைய துணிகள் சாலையோரத்தில் மலைமலையாகக் கிடந்து மழையில் நனைந்து அழுகின. வாங்க ஆள் இல்லை. கடற்கரை ஏழைகளுக்குத் திமிரைப் பார் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அதே நாகப்பட்டினம் நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் தண்ணீருக்கும் சோற்றுக்கும் ஒதுக்கி நிறுத்தப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. கடல் எல்லோர் வீட்டையும் ஒன்றாகத்தான் அடித்தது. வரிசைதான் இரண்டாக நின்றது. அந்தச் சமயத்தில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆரோவிலில் இருக்கும் உபாசனா என்ற துணி வடிவமைப்புக் கூடம் மீனவப் பெண்களுக்கு வெட்டுத்துணி கொடுத்து விரல் அளவு பொம்மைகள் செய்யப் பழக்கியது. 'சுனாமிகா' என்று பெயர். அந்தப் பொம்மைக்கு விலை வைக்கவில்லை. யாருக்கும் சும்மா கொடுத்தார்கள்; வாங்கியவர்கள் விரும்பினால் பணம் அனுப்பினார்கள்; அதிலிருந்து பெண்களுக்குக் கூலி. வாங்கியே பழக்கப்படுத்தப்பட்ட கை அங்கே கொடுக்கிற கையாக மாறியது. பொம்மை சின்னதுதான்.

இப்போது பாபாசாகேப் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் ஏற்றுக்கொண்ட பௌத்தத்துக்குத் துணியைப் பற்றி ஒரு பெரிய சிந்தனையே இருக்கிறது. நாம் அதைப் படிப்பதில்லை. தத்துவம் என்றால் சூனியவாதம்தான் என்று நினைக்கிறோம். விநய பிடகத்தைத் திறந்து பாருங்கள். துணி யார் கொடுத்தால் வாங்கலாம், எப்படிப் பங்கிடலாம், கிழிந்தால் என்ன செய்யலாம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது.

ஆரம்பத்தில் பிக்குகள் உடுத்தியது பம்சுகூலம். குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடக்கிற துணியைப் பொறுக்கித் துவைத்து ஒட்டுப்போட்டது. கவனியுங்கள், மனு சொன்ன அதே பிணத்துணி. ஆனால் இங்கே யார் உடுத்துகிறார்கள்? சாக்கிய குலத்துப் பிள்ளையும் உடுத்துகிறான், முடிவெட்டும் உபாலியும் உடுத்துகிறார், வாடிய பூக்களைக் கூட்டி அள்ளிய சுனீதரும் உடுத்துகிறார். ஒரு கூட்டத்தின் தலையில் கட்டப்பட்ட கந்தலை எல்லோருடைய உடையாகவும் ஆக்கிவிட்டால் அது யாரையும் அடையாளம் காட்டாது. மகத நாட்டு வயல்களைப் பார்த்துவிட்டு, வரப்பும் பாத்தியுமாக இருக்கிற அதே அமைப்பில் சீவரத்தைத் தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக மகாவக்கம் சொல்கிறது. முழுத்துணியாக இருந்தாலும் துண்டாக வெட்டித்தான் தைக்க வேண்டும். வெட்டித் தைத்த துணிக்குச் சந்தையில் விலை கிடையாது, திருடனுக்கும் ஆசை வராது. நம் தங்கச்சி கேட்ட போர்வையும் அப்படிப்பட்டதுதான், பல துண்டு சேர்ந்தது.

அதைவிடப் பொருத்தமானது கதினச் சீவரம். முப்பது பிக்குகள் மழைக்காலம் முடிந்ததும் சேற்றில் நடந்து, நனைந்த சீவரத்தோடு சாவத்திக்கு வந்து சேர்ந்தார்கள். அதைப் பார்த்துப் புத்தர் ஏற்படுத்தியது இந்த வழக்கம் என்கிறது விநயம். மழைக்காலம் முடிந்த ஒரு மாதத்துக்குள் துணி வருகிறது. வந்த அன்றைக்கே சங்கம் முழுவதும் கூடி வெட்டி, தைத்து, சாயம் போட்டு முடிக்க வேண்டும். பெரிய பிக்கு, சின்னப் பிக்கு என்று பார்க்காமல் எல்லோரும் கை கொடுக்க வேண்டும். முடிந்த சீவரம் எல்லோருடைய சம்மதத்தோடு ஒருவருக்குப் போகிறது. கதினம் என்பது தைக்கும்போது துணியை இழுத்துக் கட்டுகிற சட்டத்தின் பெயர். இன்றைக்கும் வங்கதேசத்தில் சிட்டகாங் மலைப்பகுதியில் ராங்காமாட்டி விகாரையில் பெண்கள் பஞ்சிலிருந்து நூல் நூற்று, சாயமேற்றி, நெய்து, தைத்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சீவரத்தை முடிக்கிறார்கள். பர்மாவிலும் விடிய விடிய நெய்கிற வழக்கம் உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று. கதினத்துக்குப் புதுத்துணி ஆகும், பழையது ஆகும், கந்தல் ஆகும், கடைவாசலில் விழுந்து கிடந்த துண்டுகூட ஆகும். ஆனால் 'எனக்கு இல்லையே' என்று குறிப்புக் காட்டி வாங்கிய துணி ஆகாது. சுற்றி வளைத்துப் பேசி வாங்கியதும் ஆகாது. இரவல் துணியும் ஆகாது. அதாவது, கந்தல் என்பதால் ஒரு துணி கெட்டுப்போவதில்லை. கெஞ்ச வைத்ததால்தான் கெட்டுப்போகிறது. கொடுக்கவன் கை மேலயா நேரயா என்று அம்மா கேட்டாளே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பங்கிடுவதற்கும் விதி உண்டு. வந்த துணிகளைத் தரம் பார்த்துப் பிரித்து, நல்லதையும் மட்டத்தையும் சமமாகக் கலந்து, ஆட்களை எண்ணி, பங்கு வைத்து, தர்ப்பைப் புல்லால் சீட்டுப் போட வேண்டும். நம்முடைய நிவாரணப் பட்டியல்கள் யார் வீட்டுத் திண்ணையில் எழுதப்படுகின்றன என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மேலே போகிறேன்.

மிச்சம் என்ன ஆவது? கோசாம்பி அரசன் உதயணனை நமக்குப் பெருங்கதையில் தெரியும். அவன் அரண்மனைப் பெண்கள் ஆனந்தருக்கு 500 சீவரம் கொடுத்துவிட்டார்கள். துறவிக்கு எதற்கு இத்தனை, கடை வைக்கப்போகிறாரா என்று அரசனுக்குக் கோபம். நேரே போய்க் கேட்கிறான். கிழிந்த சீவரத்தோடு இருக்கும் பிக்குகளுக்குக் கொடுப்பேன் என்கிறார் ஆனந்தர். சரி, அந்தக் கிழிந்ததை என்ன செய்வீர்? மேல்விரிப்பாக்குவோம். பழைய மேல்விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறையை? தரைவிரிப்பு. பழைய தரைவிரிப்பை? கால் துடைக்க. அதுவும் போனால்? தூசி தட்ட. அதுவும் நைந்தால்? வெட்டிக் களிமண்ணில் பிசைந்து தரை மெழுகுவோம். அரசன் இன்னும் 500 கொடுத்துவிட்டுப் போனானாம். இந்தக் கதையை எங்கள் தெருவில் சொன்னபோது ஒரு கிழவி, "இதுல என்ன அதிசயம், நாங்க செய்யாததா" என்று கேட்டாள். நியாயம்தான். பழஞ்சேலையை நாலாக மடித்துத் தைத்துப் பிள்ளைக்கு விரிப்பது, அது நைந்தால் அடுப்பங்கரைக் கரித்துணி, அதுவும் நைந்தால் விளக்குத்திரி. ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. ஆனந்தரின் துணி சங்கத்துக்குள்ளேயே தேய்கிறது. உடுத்தியவரேதான் அதைத் தரையாக மெழுகுகிறார். சாதி ஊரில் துணி ஒரு தெருவில் உடுத்தப்பட்டு இன்னொரு தெருவில் வந்து தேய்கிறது.

இனி நூலுக்கு வருகிறேன். மாணவர்கள் இந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள், இது பாடப்புத்தகத்தில் வராது. பம்பாய் பஞ்சாலைகளில் நூற்பில் நம் மக்கள் இருந்தார்கள். கூலி கூடுதலாக இருந்த நெசவுப் பகுதியில் அவர்களை விடவில்லை. ஏன்? தறியில் ஓடுகிற நாடாவில் தார் தீர்ந்துபோனால் புதுத் தாரை வைத்து, நூல் முனையை நாடாவின் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சி இழுப்பார்கள். தீண்டத்தகாதவன் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் மற்றத் தொழிலாளிகள். முதலாளி சொல்லவில்லை, தொழிலாளியே சொன்னான். 1928 பெரிய வேலைநிறுத்தத்தில் பாபாசாகேப் கேட்டது இதைத்தான்: நெசவுப் பகுதியில் எங்கள் ஆளுக்கு இடம் உண்டா என்பதைக் கோரிக்கைகளில் சேருங்கள், இல்லையென்றால் எங்கள் ஆட்களை வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்பேன் என்றார். தலைவர்கள் மனசில்லாமல்தான் சேர்த்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1938 பிப்ரவரியில், மன்மாட் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் என்று அவர் சொன்னபோது, அந்த நாடாவின் கண்ணும் அதற்குள் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. நெசவே தெரியாதவர்களையா ஒதுக்கினார்கள்? குஜராத்தில் வணகர் என்ற தலித் சாதியின் பெயருக்கே நெய்பவர் என்றுதான் பொருள். நம் பக்கம் பறையர்களில் கோலியர் என்று ஒரு நெசவுப் பிரிவு இருந்தது. நாம் பறித்த பருத்திக்குத் தீட்டு இல்லை, நாம் நூற்ற நூலுக்குத் தீட்டு இல்லை, நாம் நெய்த முரட்டுத் துணிக்கும் தீட்டு இல்லை. ஈரமான நம் எச்சிலுக்குத்தான் தீட்டு. தூத்துக்குடிக்கு இது தூரத்துக் கதை இல்லை. விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசல் பருத்தி இந்தத் துறைமுகத்தில்தான் கப்பலேறியது. 1908 பிப்ரவரி 27 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் தொடங்கிய கோரல் மில் நூல் மில்தான். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். பம்பாயில் பாபாசாகேப் கேட்ட கேள்வியை இங்கே யார் கேட்டார்கள் என்று ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தேடிப் பார்க்கலாம்.

நூல் தானம் என்றதும் பெரியவர்களுக்குக் காங்கிரஸ் ஞாபகம் வரும். 1924 பெல்காம் மாநாட்டில் மாதம் 2000 கஜம் நூல் கொடுத்தால்தான் உறுப்பினர் என்று தீர்மானம் போட்டார்கள். மறுவருஷமே அது கட்டாயம் இல்லை என்று ஆனது. அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. நூல் கொடுப்பவரை உறுப்பினர் ஆக்கியது நல்ல யோசனைதான். வாங்குபவரை உறுப்பினர் ஆக்க மறந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். மூன்று பக்கம் ஆறு, பருத்திக்காடு, அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள். பெண்கள் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த ஜீன்ஸையும் சட்டையையும் வெட்டிப் போர்வை தைப்பார்கள். அந்த மாவட்டத்தில் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்ததற்காகக் கறுப்பு மக்கள் வீட்டிலிருந்தும் நிலத்திலிருந்தும் விரட்டப்பட்ட காலத்தில், 1966-இல், 'சுதந்திரப் போர்வை' என்று பெயர் வைத்துக் கூட்டுறவு தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடைக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. உறையெல்லாம் கடைக்குப் போனது. வெட்டுத்துணி வீடுகளுக்கு வந்தது. இன்றைக்கு அருங்காட்சியகங்களில் தொங்குகிற கார்டுராய் போர்வைகள் பல அந்த வெட்டுத்துணியில் ஆனவை. மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்தபின் அவருடைய வேலைத்துணிகளை வெட்டி 1942-இல் ஒரு போர்வை தைத்தார். வெளுத்த நீலம், முழங்கால் தேய்ந்த இடம் எல்லாம் அதில் அப்படியே தெரியும். இறந்தவர் துணிதான். மனு சொன்ன துணிதான். அவர் அதைப் போர்த்திக்கொண்டு தூங்குவதற்காகத் தைத்தார்.

சரி, நம் போர்வையை எப்படி நெய்வது? அருப்புக்கோட்டையில் முப்பது வருஷம் தறி நெய்த ஒரு அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் முதலில் சொன்னது, "தானமா வந்த நூலைப் பாவுல போட்றாதீங்க." பாவு நூல் இழுவையையும் அச்சின் அடியையும் தாங்க வேண்டும். பத்து வீட்டு நூலைப் பாவில் கலந்தால் ஒன்று தொய்யும், ஒன்று விறைக்கும், ஒன்று அறும். எனவே பாவு முழுவதும் ஒரே நம்பர் முறுக்கு நூல், அதை மன்றத்தின் பொதுப்பணத்தில் வாங்க வேண்டும். ஊடையில் எது வந்தாலும் சரி. ஆனால் கனம் பார்த்துப் பிரிக்க வேண்டும். மெல்லிய நூல் என்றால் இரண்டு மூன்றைச் சேர்த்துத் தார் சுற்ற வேண்டும். கம்பளி நூலும் பருத்தி நூலும் தண்ணீரில் ஒரே அளவாகச் சுருங்காது. நெய்யுமுன் சிட்டங்களை நனைத்துக் காயப்போட்டுவிட வேண்டும், ஒரே இடத்தில் பட்டையாக நெய்யாமல் சின்னச் சின்னக் கோடாகப் பரப்ப வேண்டும். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே போர்வை நடுவில் சுருங்கிப் பாவாடை மாதிரி ஆகிவிடும். ஊட்டிப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த ஸ்வெட்டர்கள் நம் தெருக்களில் நிறைய உண்டு. வாங்குமுன் ஓரத்தைப் பாருங்கள். வெட்டி மெஷினில் அடித்த ஸ்வெட்டர் என்றால் பிரிக்கும்போது ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாகத்தான் வரும். பின்னி இணைத்தது என்றால் ஒரே இழையாக ஓடி வரும். வந்த நூல் சுருள்சுருளாக இருக்கும். நனைத்துக் கீழே ஒரு கனத்தைத் தொங்கவிட்டால் நேராகிவிடும்.

தறியில் எப்போதும் மிச்சம் உண்டு. பாவின் கடைசிப் பகுதியை நெய்ய முடியாது, அது அச்சுக்குப் பின்னால் நின்றுபோகும். நெசவாளர்கள் அதை அறுத்து எறிவதில்லை. அந்த முனைகளோடுதான் புதுப்பாவை ஒவ்வொரு இழையாகப் பிணைப்பார்கள். அது இருந்தால் மறுபடி விழுதிலும் அச்சிலும் நூல் கோர்க்கிற வேலை மிச்சம். தறியைவிடப் போர்வை அகலம் என்பதால் இரண்டு துண்டாக நெய்து நடுவில் இணைக்க வேண்டும். கடைசிப் பாவை அறுத்த நூல் அதற்கு ஆகும். ஊடையில் மிஞ்சியது திரிக்கும் தலையணைக்கும். அதிலும் மிஞ்சியதைப் படகு எஞ்சின் துடைக்க நம் தம்பிமார்கள் வாங்கிக்கொள்வார்கள், இப்போது பனியன் வேஸ்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இதெல்லாம் எதற்கு, ஹரியானாவின் பானிப்பட்டில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து மறுபடி நூலாக்கி நெய்கிற போர்வைகள் மலிவாகக் கிடைக்குமே என்று ஒரு தோழர் கேட்டார். உலகத்தில் பேரிடர் வந்த இடங்களுக்குப் போன சாம்பல் நிறப் போர்வைகளில் நிறைய அங்கிருந்து போனவைதான். அவசரத்துக்கு அதுதான் சரி. வெள்ளத்தில் நிற்பவரிடம் தறி போட்டு வருகிறேன் என்று சொல்ல முடியாது. நாம் இப்போது வெள்ளத்தில் நிற்கவில்லை. நமக்குப் பத்து வாரம் இருக்கிறது.

எனவே மாணவர்களிடம் நான் கேட்பது இவ்வளவு. எந்த வீடுகளுக்குப் போர்வை போகப்போகிறதோ அந்த வீடுகளிலும் நூல் கேளுங்கள். அவர்களைத் தவிர்த்துவிட்டு மற்ற வீடுகளில் மட்டும் கேட்டால் அது மறுபடியும் லாரிதான். ஒரு முழம் நூல் கொடுத்தாலும் பெயரைக் குறியுங்கள். தார் சுற்ற அந்த வீட்டுப் பெண்களும் வரட்டும், நெய்யத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் பழக்கட்டும். முடிந்ததும் சீட்டுப் போடுங்கள், மிச்ச நூலுக்கும் சேர்த்து. மன்றத் தலைவர் கையால் வழங்கும் போட்டோ வேண்டாம்.

என் பங்கை நேற்றே தயார் செய்துவிட்டேன். அம்மா போன வருஷம் போய்விட்டாள். அவளுடைய ஊதா நூல்சேலை ஒன்றை விரலகல நாடாவாகக் கிழித்துப் பந்தாகச் சுற்றி வைத்திருக்கிறேன், ஊடைக்கு ஆகும் என்று அந்த அண்ணன் சொல்லிவிட்டார். கரைப்பக்கம் மட்டும் கைக்குக் கிழியவில்லை. யாராவது வரும்போது நல்ல கத்தரி ஒன்று கொண்டுவாருங்கள்.